கல்யாணத்துக்கு ஜீன்ஸ் போட்டுப் போனால் என்ன?

மற்றவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். கோவை சரவணம்பட்டியில் மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கோபிசெட்டிபாளையம் பக்கம் தாய்மாமன் மகள் கல்யாணம். இவர் ஜீன்ஸ், டி-சர்ட்டோடு போய் இறங்கியிருக்கிறார். மண்டப வாசலில் நின்ற மாமன், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "ஏங்கண்ணு, எழவு வீட்டுக்குக்கூட இப்படி வரமாட்டாங்களே" என்று சொல்லிவிட்டார். ஆபீஸில் முதலாளியே டி-சர்ட்டில் வருகிற காலத்தில் உடுப்பை வைத்து மரியாதையை அளப்பது பழைய அதிகாரம்தானே என்பது முதல் கேள்வி. வருகிற தை மாதம் தங்கைக்குக் கல்யாணம்; அப்பா இல்லை; அம்மா வெளிர் நிறத்தில்தான் சீலை எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், இதற்கு என்ன செய்வது என்பது இரண்டாவது.

ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. கல்லாவில் இப்போது மகன் உட்காருகிறான். நான் பகலில் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன எடுக்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பதில். முதல் கேள்வியில் நான் உங்கள் மாமன் கட்சி. இரண்டாவதில் பெரியவர்களுக்கு எதிர்க்கட்சி. இரண்டுக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

"என் உடம்பு, என் உடுப்பு, அடுத்தவருக்கு என்ன" என்று எழுதியிருந்தீர்கள். கல்லாவிலிருந்து பார்த்தால் அப்படித் தெரிவதில்லை. பெரிய பில் எல்லாம் அடுத்தவருக்காகப் போடுகிற பில்தான். கல்யாண ஜவுளி எடுக்க வேன் பிடித்து வருகிறார்கள். பெண்ணுக்குக் கூறை, இணைச்சீர் செய்கிற மாப்பிள்ளையின் சகோதரிக்குச் சீலை, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒன்று, மாமன் சீருக்கு ஒன்று, சடங்கை நடத்தி வைக்கிற அருமைக்காரருக்கு வேட்டி துண்டு, மங்கல வாழ்த்து பாடுகிறவருக்கு வேட்டி துண்டு என்று பட்டியல் நீளும். யாரை விட்டால் யாருக்குக் கோபம் வரும் என்று வீட்டுப் பெரிய மனுஷி விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பார். தனக்கு எடுப்பது கடைசியில், அதுவும் "இருக்கறதே போதும்" என்ற பேச்சோடு.

கோடித்துணி எடுக்க வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? விலை கேட்க மாட்டார்கள், பேரம் கிடையாது, மீதிச் சில்லறையை எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டு போவார்கள். செத்தவருக்கு அந்தச் சீலையின் நிறம் தெரியப்போவதில்லை, அன்றைக்கே சுடுகாட்டோடு போய்விடும். ஆனாலும் பிறந்த வீட்டுக் கோடி வந்து விழும்வரை பிணத்தை எடுக்க மாட்டார்கள். "இவள் எங்க வீட்டுப் பெண், நாதியில்லாமல் போகவில்லை" என்று கூடிநிற்கிற சனத்துக்கு முன்னால் சொல்கிற சொல் அது. வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். துணியால் சொன்னால் நம்புவார்கள்.

உங்கள் ஜீன்ஸும் அன்று ஏதோ சொல்லியிருக்கிறது. நீங்கள் சொல்ல நினைத்தது வேறாக இருக்கலாம். ஆனால் மூன்று மாதமாக மண்டபம் பிடித்து, சமையல்காரரைப் பேசி, பத்திரிகை கொடுக்க வீடு வீடாக ஏறி இறங்கிய மாமன் காதில், "இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன், அப்படியே தலையைக் காட்டிவிட்டுப் போகலாமென்று" என்றுதான் அது விழுந்திருக்கும். எதைப் போட்டுக்கொண்டு போனாலும் எதிரே இருப்பவருக்கு ஒன்று கேட்கத்தான் செய்யும். ஊமையான உடுப்பு என்று ஒன்று கிடையாது. உங்கள் முதலாளியின் டி-சர்ட்டும் பேசுகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

காசே செலவில்லாத ஒரு மரியாதை நம் ஊரில் உண்டு. வேட்டியையோ கைலியையோ மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறவர், பெரியவர் ஒருவர் எதிரே வந்தால் மடிப்பை இறக்கிவிடுவார். தோளில் கிடக்கும் துண்டு கைக்கு வரும். பேச்சு முடிந்து அவர் நகர்ந்ததும் மடிப்பு மறுபடி மேலே ஏறிவிடும். இதற்குப் புதுத்துணி வேண்டாம், நல்ல துணிகூட வேண்டாம், அழுக்கு வேட்டியே போதும். பொள்ளாச்சிச் சந்தையில் மாடு விற்க வந்தவரும் செய்வார், வாங்க வந்தவரும் செய்வார். பார்க்க எனக்குப் பிடித்த காட்சி இது.

ஆனால் அதே துண்டுக்கு இன்னொரு கதையும் இதே மண்ணில் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் காட்சியை மெச்சினால் பொய்யாகிவிடும். பண்ணையத்தில் வேலை செய்த அருந்ததியர் குடும்பத்து ஆள், எதிரே வருவது நிலத்துக்காரரான பண்ணாடியின் பத்து வயது மகனாக இருந்தாலும் தோளில் துண்டு போட முடியாது. எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலைக்குத் தோல்பறி தைத்தவரும், ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்க அவருக்கு மட்டும் அனுமதி இல்லை. கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டும். டீக்கடையில் தனிக் குவளை வைத்த அதே கணக்கு. நான் சிறுவனாக இருந்தபோது இதையெல்லாம் பார்த்தவர்கள் யாரும் இதைக் கொடுமை என்று சொல்லவில்லை, "வழக்கம்" என்றார்கள்.

இரண்டிலும் அசைவு ஒன்றுதான். துண்டு தோளைவிட்டு இறங்குகிறது. சந்தையில் நடந்ததற்கும் தெருவில் நடந்ததற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பேன்: இது திரும்பி வருமா? சந்தையில் இன்று நான் அவருக்கு மடிப்பை இறக்குகிறேன், நாளை எனக்கு வயதானால் எனக்கொருவர் இறக்குவார். மாடு விற்றவரும் வாங்கியவரும் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிறார்கள். தெருவில் நடந்தது ஒருபோதும் திரும்பி வராது. எண்பது வயதுக் கிழவர் துண்டை எடுப்பார், பத்து வயதுப் பையன் பார்த்துக்கொண்டு போவான். என் அளவுகோல் இவ்வளவுதான். விதி போட்டவர் தானும் அதற்குக் கட்டுப்படுகிறாரா, அதற்கான செலவிலும் சிரமத்திலும் பங்கு எடுத்துக்கொள்கிறாரா என்று பார்ப்பேன். எடுத்தால் அது மரியாதை. எடுக்காவிட்டால் அடக்குமுறைக்குத் தைத்த சட்டை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் கொண்டுவந்த திருத்தத்தை எடுத்துப் படியுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் செருப்பு அணிவதையோ, புதுத்துணி உடுத்துவதையோ, சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ, கல்யாண ஊர்வலம் போவதையோ தடுப்பது குற்றம் என்று வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். புதுத்துணி போட்டதற்காக அடிவாங்கிய ஆட்கள் இருந்ததால்தான் அந்த வரி சட்டத்துக்குள் வந்தது. ஆகவே "உடுப்பில் என்ன இருக்கிறது" என்று சொல்கிறவர், உடுப்புக்காக ஒருநாளும் அடிவாங்காதவராகத்தான் இருப்பார்.

அம்பேத்கர் ஏன் பெரும்பாலும் கோட்டும் டையுமாகவே இருந்தார் என்று கேட்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் மேல்சட்டையைத் துறந்தார். துறப்பதற்கு அவரிடம் சட்டை இருந்தது, துறந்த பிறகும் மரியாதை குறையாது என்று அவருக்குத் தெரியும். அந்த உறுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இப்போது உங்கள் முதலாளியின் டி-சர்ட்டுக்கு வருகிறேன். எளிமை என்பது ஒரு வசதி, தம்பி. கோயம்புத்தூரில் இதை நன்றாகவே பார்க்கலாம். நாலு மில்லுக்குச் சொந்தக்காரர் வெளுத்த நாலுமுழ வேட்டியும் ரப்பர் செருப்புமாக பேங்குக்குள் நுழைந்தால் மேனேஜர் எழுந்து வருவார். "எவ்வளவு எளிமை பாருங்க" என்று ஊரே மெச்சும். அதே வேட்டி, அதே செருப்போடு தறி ஓட்டுகிறவர் கடன் கேட்டு நுழைந்தால் வாட்ச்மேனே நிறுத்திவிடுவார். அதனால் அவர் பேங்குக்குப் போகிற நாளில் தீபாவளிச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டு போகிறார். உடுப்பைப் பார்க்க வேண்டாம் என்று சொல்கிற இடத்திலும், முகத்தைத் தெரிந்தவருக்கு மட்டுமே அந்தச் சலுகை. கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியும், தரை துடைக்கிற அக்காவும் உங்கள் கம்பெனியில் டி-சர்ட்டில் வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு யூனிஃபார்ம். உங்களுக்கே வெளிநாட்டு வாடிக்கையாளர் வருகிற அன்று முழுக்கைச் சட்டை போட்டு வரச்சொல்லி மெயில் வரும் என்று நினைக்கிறேன். விதியே இல்லாத இடம் போலத் தெரிந்தாலும், சட்டென்று கண்ணுக்குப் படாத இடத்தில் விதியை வைத்திருக்கிறார்கள்.

டி-சர்ட் பேச்சு வந்துவிட்டது, திருப்பூரைத் தொடாமல் போக முடியாது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்து போகிறது. ஊர்க்காரர்கள் இன்றும் பனியன் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். உலகத்துக்கு டி-சர்ட் தைத்துக் கொடுக்கிற மாவட்டம், ஆனால் அங்கே கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர் அதைப் போட்டுக்கொண்டு சீட்டில் உட்கார முடியாது. 2019-இல் அரசு ஊழியர்களுக்கு வந்த ஆணைப்படி பெண்கள் சேலை, சல்வார், துப்பட்டாவோடு சுடிதார். ஆண்கள் பேன்ட் சட்டை, அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி. அப்போதைய துணை முதலமைச்சர் டி-சர்ட்டில் அரசு விழாவுக்கு வருகிறார் என்று 2024-இல் உயர் நீதிமன்றத்துக்கே வழக்கு போனது. எனக்கு அந்த ஆணையில் பெரிய குறை தெரியவில்லை. தாலுக்கா ஆபீஸில் மனுவோடு நிற்கிறவர் தன்னிடம் இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவரும் அந்த அளவுக்காவது மெனக்கெடட்டும். கைலி கட்டிக்கொண்டு வந்த விவசாயியை "வேட்டி கட்டிட்டு வாய்யா" என்று அதே ஆபீஸ் திருப்பி அனுப்பினால் மட்டும் எனக்குக் கோபம் வரும். ஆணை ஊழியருக்குப் போட்டது, மனு கொடுக்க வந்தவருக்குப் போட்டதில்லை.

வேட்டிக்கே சட்டம் போட வேண்டி வந்ததும் நடந்தது. 2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருக்கிறார் என்று உள்ளே விடவில்லை. வெள்ளைக்காரன் போய் அறுபத்தேழு வருஷமாகியும் அவன் போட்ட விதி கதவில் நின்றது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டிக்காக அனுமதி மறுத்தால் கிளப்பின் உரிமம் போகும், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். அந்த வருஷம் எங்கள் கடையில் வேட்டி நன்றாக ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வியாபாரிக்கு எல்லாமே கணக்குதான்.

கல்லூரிகள் பக்கம் அளவுகோலைத் திருப்பினால் கொஞ்சம் சிரிப்பும் நிறைய எரிச்சலும் வரும். 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸுக்கும் டி-சர்ட்டுக்கும் தடை போட்டதிலிருந்து, நம் பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரிகள் அதை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டன. பையன்கள் சட்டையை உள்ளே விட்டு ஷூ போட வேண்டும். பெண் பிள்ளைகள் துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்த வேண்டும். வாசலில் ஒருவர் நின்று பார்த்து அனுப்புவார். சரி, படிக்கிற இடம், ஒரு ஒழுங்கு இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் பல தனியார் பள்ளி, கல்லூரிகளில் பாடம் நடத்துகிற பெண்கள் சேலைக்கு மேல் ஓவர்கோட் ஒன்றை மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் கரும்பலகை முன்னால் நிற்கிறார்கள். பக்கத்து வகுப்பில் ஆண் வாத்தியார் அரைக்கைச் சட்டையில். ஏன் என்று கேட்டால் "பசங்க பாக்கறாங்க" என்கிறது நிர்வாகம். பார்க்கிறவனுக்கு ஒன்றுமில்லை, பார்க்கப்படுகிறவருக்குக் கோட்டு. அந்தக் கோட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தம் வேறு நடக்கிறது.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஓடுகிற இயந்திரத்தின் அருகே எண்ணெய் போடுகிறவர், பட்டை மாட்டுகிறவர் உடம்போடு ஒட்டிய உடுப்பு அணிய வேண்டும் என்றது. தொங்குகிற துணி சக்கரத்தில் சிக்கினால் கையோடு போகும். அதே பிரிவு, அந்த உடுப்பை ஆலை நடத்துகிறவர்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. காரணம் தெளிவாக இருந்தது, காசு யார் கொடுப்பது என்பதும் தெளிவாக இருந்தது. உடுப்பு விதி எழுத நினைக்கிற எந்த நிர்வாகியும் முதலில் படிக்க வேண்டியது இந்தப் பிரிவை.

கோயில் பற்றிச் சுருக்கமாக. 2016 ஜனவரி 1 முதல் ஆண்கள் வேட்டி, பைஜாமா அல்லது பேன்ட் சட்டை, பெண்கள் சேலை, தாவணி அல்லது சுடிதார் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி ஒருவர் உத்தரவு போட்டார். கோயில் வாசல்களில் போர்டு தொங்கியது. அதே மாதம் இரண்டு நீதிபதிகள் அமர்வு தடை கொடுத்துவிட்டது. பொள்ளாச்சிக்காரர்கள் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் குருவாயூர் போகும்போது, பேன்ட்டுக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்கிறார்கள். பெண்கள் சுடிதாரில் போக அங்கே 2007-இல்தான் வழி திறந்தது. எனக்கு இதில் அதிகம் சொல்ல இல்லை. மேல்சட்டை இல்லாமல் நிற்பது அங்கே கோடீஸ்வரருக்கும் உண்டு, கூலிக்காரருக்கும் உண்டு. என் கேள்விக்கு அது பாதி பதில் சொல்லிவிடுகிறது. பன்னாரி அம்மன் கோயிலில் தீ மிதிக்கிற குண்டத்துக்கு மஞ்சள் சீலையில் வரிசையில் நிற்கும்போது யார் எந்த வீடு என்று தெரியாது. அந்தச் சமத்துவத்துக்காகவே சிலருக்கு அந்தக் கூட்டம் பிடிக்கிறது.

பெண்கள் நைட்டியில் வெளியே வருவதைப் பற்றி யாரோ புலம்பாத வாரம் இல்லை. ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்து ஊர் ஒன்று 2018-இல் பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. நம் ஊரில் பெண்கள் யாரையும் கேட்காமல் ஒரு தீர்வு கண்டுவிட்டார்கள், நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. விடிகாலையில் பால் சொசைட்டிக்குப் போய்ப் பாருங்கள், பாதிப் பேர் அப்படித்தான் கேனோடு நிற்பார்கள். பக்கத்திலேயே வெறும் மேலோடு கைலியில் நிற்கிற ஆண்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இங்கே விதி திரும்பி வருகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் சீலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வதும் இப்படி அவர்களாகக் கண்டுபிடித்ததுதான். வெயிலுக்கும் சோளத்தட்டு கிழிப்பதற்கும் அதைவிட நல்ல உடுப்பு இல்லை. ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தால் மட்டும் வேலியோரமே கழற்றி மடித்துவிட்டு வருவார்கள்.

இப்போது கல்யாண வீட்டுக்குள் புதிதாக நுழைந்திருக்கிற விதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மாமனின் எதிர்பார்ப்பைவிட இவை எனக்கு மோசமாகப் படுகின்றன. முதலாவது வரவேற்பு. ஈரோட்டு வைகாசியில், நாற்பது டிகிரி வெயில் இறங்கிய மாலையில், மாப்பிள்ளை மூன்று துண்டுக் கோட்டு சூட்டில் மேடையில் வேர்த்து ஊற்றுகிறார். யாருக்காக என்று அவருக்கே தெரியாது. போட்டோவுக்காக என்பார்கள். காலையில் தலையில் உருமால் கட்டியபோது அவர் நன்றாகத்தான் இருந்தார். சரி, அது அவருடைய வேர்வை.

இரண்டாவதுதான் உண்மையிலேயே கெட்டது, யூனிஃபார்ம் சீலை. சித்தி மகள்கள், பெரியம்மா மகள்கள், அண்ணன்மார் மனைவிகள் எல்லோரும் ஒரே நிறத்தில் ஒரே சீலை. வாட்ஸ்அப் குழுவில் வசதியான ஒருத்தி படத்தைப் போட்டு "இதுதான் ஃபிக்ஸ்" என்று விடுவாள். குழுவில் இருக்கும் ஒருத்தியின் வீட்டுக்காரர் தறிக்குப் போகிறவர், இன்னொருத்திக்கு மகன் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, கடைக்குத் தனியாக வந்து "இதே மாதிரி கொஞ்சம் கம்மி விலைல இருக்குதுங்களா" என்று கேட்கிறவர்களை எனக்குத் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும், கிட்டே வந்தால் ஜரிகை காட்டிக்கொடுத்துவிடும். சிலர் "உடம்பு சரியில்லை" என்று கல்யாணத்துக்கே வராமல் விட்டுவிடுகிறார்கள். கல்யாண வீட்டார் எடுத்துக் கொடுத்தால் அது சீர். நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் அது வரி. மாமனைக் குறை சொல்கிற உங்கள் தலைமுறை இந்த வரியைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

ஒரே மாதிரி துணி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பொங்கலுக்கு அரசு கொடுக்கும் இலவச வேட்டி சேலைத் திட்டம் 1983-இல் தொடங்கியது. ஏழைகளுக்குப் பண்டிகைத் துணி, கைத்தறி விசைத்தறிக்காரர்களுக்கு வேலை என்று இரண்டும் அதில் நடக்கிறது. ஈரோடு, திருச்செங்கோடு பக்கத்துத் தறிகளுக்கு அது பெரிய ஆர்டர். ஆனால் ஊர் முழுக்க ஒரே டிசைன் என்பதால், கட்டியிருப்பதைப் பார்த்ததும் ரேஷன் கடைச் சீலை என்று தெரிந்துவிடும். காட்டு வேலைக்குக் கட்டுவார்கள், பண்டிகை நோம்பிக்குக் கட்ட மாட்டார்கள். 2023 பொங்கலுக்குச் சேலையில் 15 டிசைன், வேட்டியில் 5 டிசைன் என்று மாற்றினார்கள். அரசாங்கத்துக்கு வாழ்த்துச் சொல்ல நான் கட்சிக்காரனில்லை, ஆனாலும் யோசித்தவர் ஒரு பெண்ணின் கூச்சத்தைக் கவனித்திருக்கிறார்.

உங்கள் மாமனுக்கு வருவோம். அவர் வேட்டி சட்டையில்தான் வாசலில் நின்றார், வந்தவர்களை அந்தக் கோலத்தில்தான் கும்பிட்டார். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரும்போதும் அப்படித்தான் வருவார், சீர்த்தட்டோடு. தான் செய்வதைத்தான் உங்களிடமும் எதிர்பார்த்தார். விலை உயர்ந்தது எதையும் கேட்கவில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்கிற அளவுதான். அதனால் அவர் பக்கம் என்றேன். ஆனால் நாலு பேர் முன்னால் அப்படிப் பேசியது தப்பு. எழவு வீட்டை இழுத்தது அதைவிடத் தப்பு. வந்தவனை வாசலில் வைத்துக் குறுக வைப்பது, ஜீன்ஸ் போட்டு வந்ததைவிடப் பெரிய முறைகேடு. ஓரமாகக் கூப்பிட்டு, "உள்ள என்ற வேட்டி ஒண்ணு கெடக்குது, மாத்திக்க கண்ணு" என்றிருந்தால் நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

வேட்டி கட்டத் தெரியாது, அவிழ்ந்துவிடும் என்ற பயம்தான் பாதிப் பையன்களை ஜீன்ஸில் தள்ளுகிறது என்பது என் சந்தேகம். வெல்க்ரோ ஒட்டி, செல்போனுக்குப் பை வைத்த வேட்டி வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எங்கள் அப்பாரு பார்த்திருந்தால் சிரித்திருப்பார், சிரிக்கட்டும். நாலு முழம் வேண்டாம், எட்டு முழம் எடுங்கள். சபையில் உட்கார்ந்து எழ அதுதான் வசதி. கரை மெல்லியதாக இருக்கட்டும். கறுப்பு சிவப்பிலோ, நடுவே வெள்ளை சேர்ந்தோ எடுத்தால், நீங்கள் எந்தக் கட்சி என்று பந்தியில் பேச்சு வந்துவிடும்.

அம்மாவின் சீலைதான் கனமான கேள்வி. என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், வெள்ளைச் சீலையில், ரவிக்கை இல்லாமல் இருந்தவர். இளவயதிலேயே அந்த வெள்ளை வந்து சேர்ந்தது. அதே ஊரில் பெண்டாட்டி செத்த ஆண்கள் யாரும் நிறம் மாற்றிக்கொள்ளவில்லை. வருஷம் திரும்புவதற்குள் பட்டு வேட்டியில் மறுபடி மணவறையில் உட்கார்ந்தார்கள். திரும்பி வராத விதிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. எங்கள் கடையில் வெள்ளைச் சீலைக்கென்றே ஒரு தட்டு முழுக்க இருந்தது, அதைக் கேட்டு வருகிற கூட்டமும் இருந்தது. இப்போது அந்தத் தட்டில் வேறு சரக்கு. எந்தச் சட்டமும் அதை அகற்றவில்லை. வெள்ளை முதலில் வெளிர் நீலமானது, பிறகு சந்தன நிறமானது, பிறகு சின்னப் பூப் போட்டது. ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒரு பெண் முதலில் கட்டிக்கொண்டு வந்தாள், பேச்சு வாங்கினாள், அடுத்தவளுக்கு வழி விட்டாள்.

நிறத்தோடு மோதுவது நம் ஊருக்குப் புதிதுமில்லை. ஈரோட்டுப் பெரியார் முதலில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். பிறகு 1945-இல் கறுப்புச் சட்டையைக் கையிலெடுத்தார், இழிவில் கிடக்கிறோம் என்பதற்கான அடையாளமாக. 1948-இல் மாகாண அரசு கருஞ்சட்டைப் படைக்குத் தடையே போட்டது. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிய நிறத்தைப் போட்டுக்கொண்டே அவர் கல்யாணங்களை நடத்தி வைத்தார். அந்தத் தம்பதிகளின் பேரன் பேத்திகள் எங்கள் கடைக்கு வருகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் தங்கை கல்யாணத்தன்று மேடையில் போராட்டம் நடத்தச் சொல்ல மாட்டேன், பாரம் அம்மா தலையில்தான் விழும். ஒரு வழி சொல்கிறேன். உங்கள் அப்பா இறந்த அன்று அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்தவர் இந்த மாமனாகத்தான் இருக்கும். தங்கைக்கு மாமன் சீர் செய்யப்போகிறவரும் அவரே. அந்தச் சீரோடு தன் அக்காவுக்கும் ஒரு பட்டுச் சீலை அவர் கையால் வரட்டும், நல்ல நிறத்தில். கூடப்பிறந்தவன் சபையில் வைத்துக் கொடுக்கிற சீலையை "கட்டாதே" என்று சொல்ல எந்தப் பெரியவருக்கும் வாய் வராது. இதைக் கேட்க நீங்களே நேரில் போக வேண்டும். வேட்டியில் போங்கள். "மாமா, அன்னிக்கு நான் அப்படி வந்திருக்கக் கூடாதுங்க" என்று ஒரு வார்த்தையோடு தொடங்குங்கள், மற்றதை அவரே பேசுவார்.

காசு மாமனுடையதாக இருக்கட்டும், நிறம் அம்மாவுடையதாக இருக்கட்டும். கடைக்கு அவரையே கூட்டிப் போங்கள். ஜவுளிக்கடைக்காரனாக ஒரு எச்சரிக்கை. விற்பனைக்கு நிற்கிற பெண்கள், வருகிறவர் நெற்றியையும் கழுத்தையும் பார்த்துத்தான் தட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். பொட்டில்லை என்றால் கை தானாகச் சந்தன நிறத்துக்குப் போகும். எங்கள் கடையிலும் அப்படித்தான் பழகி வைத்திருந்தோம், சொல்லிச் சொல்லி இப்போதுதான் மாறுகிறது. நீங்கள் உட்கார்ந்ததுமே, "எல்லா நிறத்தையும் எடுத்துப் போடுங்க, அம்மா பார்க்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். அதன்பிறகு வாயைத் திறக்காதீர்கள், அவர் கடைசியில் வெளிர் நிறத்தையே எடுத்தாலும் சரி. தை முகூர்த்தம் என்றால் கார்த்திகையிலேயே போய்விடுங்கள். மார்கழி கடைசியில் வந்தால் நல்ல நிறமெல்லாம் போயிருக்கும், ரவிக்கை தைக்கவும் ஆள் கிடைக்காது.